இஸ்ரவேல் வேறு, சபை வேறா? கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவர் பாரம்பரியமான ஒரு திருச்சபையில் வளர்ந்தவர். திருமணத்துக்குப் பிறகு கணவரோடு ஒரு சுயாதீன சபைக்குப் போகிறார், அங்கே ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். இப்போது சபையில் புதிதாக ஒரு விசுவாச அறிக்கை தயாராகியிருக்கிறது, பாடம் எடுக்கிற எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இஸ்ரவேலும் சபையும் தேவனுடைய இரண்டு வேறுபட்ட ஜனங்கள், இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குத்தத்தங்கள் சபைக்கு உரியவையல்ல என்று அதில் ஒரு பகுதி. அப்பா பழைய திருச்சபையில் மூப்பர். இதைப் பார்த்துவிட்டு, "இது நேற்று முளைத்த கள்ள உபதேசம், தேவன் யூதரைத் தள்ளிவிட்டார், இப்போது சபைதான் இஸ்ரவேல்" என்று கோபப்பட்டிருக்கிறார். போதகரோ, அப்படிச் சொல்கிறவர்கள் தேவனைப் பொய்யராக்குகிறார்கள் என்கிறார். இஸ்ரேல் நாட்டை ஆதரிக்காத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று பிரசங்கத்திலும் சொன்னாராம். கணவர், "ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு வா" என்கிறார். யார் சொல்வது வேதத்தின்படி சரி, மனம் ஒப்பாமல் கையெழுத்துப் போடலாமா, இதில் தவறான பக்கம் நின்றால் என் இரட்சிப்பு என்ன ஆகும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஒன்றும் ஆகாது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள், 325லும் 381லும் உருவான நிசேயா பிரமாணத்தையும் பாருங்கள். கிறிஸ்து மறுபடியும் வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்று இருக்கிறது. சபையை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து வருவார் என்று சிலர் சொல்லும் இரகசிய வருகை எப்போது, இஸ்ரவேலுக்கும் சபைக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த விஷயத்தில் எதிரெதிராக நின்ற எத்தனையோ பேர் ஒரே கர்த்தரை விசுவாசித்து மரித்திருக்கிறார்கள். ஆகவே பயத்தை ஓரமாக வைத்துவிட்டு மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருவோம்.

உங்கள் அப்பாவும் போதகரும் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள், கவனித்தீர்களா? ஒன்று, தேவனுக்கு ஜனங்கள் இரண்டு; இல்லையென்றால், யூதர் தள்ளப்பட்டார்கள்; மூன்றாவதாக ஒன்று கிடையாது என்று இருவருமே நினைக்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

போதகரின் போதனை எங்கிருந்து வந்தது

அவர் சொல்வதற்கு டிஸ்பென்சேஷனலிசம் என்று பெயர். தேவன் மனிதரோடு நடந்துகொண்ட வரலாற்றைக் காலக்கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிற முறை அது. 19ஆம் நூற்றாண்டில் பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி இதற்கு உருவம் கொடுத்தார். 1909ல் வெளியான ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வேத வசனத்துக்குக் கீழேயே விளக்கம் அச்சாகியிருந்தால் படிக்கிறவருக்கு எது வசனம், எது விளக்கம் என்ற கோடு மெல்ல அழிந்துபோகும், அதுதான் நடந்தது. சபை பெந்தெகொஸ்தே நாளில் தொடங்கியது, அது பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளுக்கு மறைக்கப்பட்ட ஓர் இரகசியம், தானியேல் 9ல் சொன்ன எழுபது வாரங்களில் கடைசியான எழுபதாவது வாரம், அதாவது ஏழு வருடக் காலம், இன்னும் வரவில்லை, அதற்கு முன் சபை பூமியிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும், பிறகு தேவன் இஸ்ரவேலோடு விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்பதே இதன் எலும்புக்கூடு. 1965ல் இந்த முகாமைச் சேர்ந்த இறையியலாளர் சார்ல்ஸ் ரைரி இந்தப் போதனைக்கு எது அடிப்படை என்று எழுதியபோது, இஸ்ரவேலையும் சபையையும் வேறுபடுத்திப் பார்ப்பதையே முதலில் வைத்தார். ஆகவே உங்கள் சபை அறிக்கையில் அந்தப் பகுதி தற்செயலாக வந்ததல்ல.

இது ஆதியிலிருந்தே சபை போதித்தது என்று போதகர் சொல்லியிருந்தால் அது சரியில்லை. கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருடம் அரசாளுவார் என்கிற நம்பிக்கை மிகப் பழையது, உண்மைதான். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் மார்ட்டிர் என்ற சபைப் பிதா அதை நம்பினார், எருசலேம் திரும்பக் கட்டப்படும் என்றுகூட எழுதினார். ஆனால் அதே யுஸ்தின் அதே நூலில், கிறிஸ்துவை விசுவாசிக்கிற நாங்களே மெய்யான ஆவிக்குரிய இஸ்ரவேல் என்றும் எழுதினார். இன்றைக்கு நாம் வைத்திருக்கும் இரண்டு பெட்டிகளில் எதிலும் அவர் அடங்கமாட்டார்.

அதற்காக இதைக் கள்ள உபதேசம் என்று அப்பா சொல்வதும் நியாயமில்லை. புதியது என்பதாலேயே பொய் ஆகிவிடாது. அப்பா பிடித்திருக்கும் உடன்படிக்கை இறையியலும், அதாவது வேதம் முழுவதையும் தேவன் ஒரே ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் கதையாகப் பார்க்கிற முறையும், ஒழுங்கான அமைப்பாக உருவானது 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான். டிஸ்பென்சேஷனலிசம் யூதருக்கு ஒரு வழி, சபைக்கு ஒரு வழி என்று இரண்டு இரட்சிப்பின் வழிகளைப் போதிக்கிறது என்று குற்றஞ்சாட்டுவதும் பழைய கதை. யோவான் 1:17க்கு ஸ்கோஃபீல்ட் எழுதிய குறிப்பு அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது, 1967ல் வந்த திருத்திய பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. எந்தக் காலத்திலும் கிருபையினால் விசுவாசத்தின் மூலமே இரட்சிப்பு என்று அவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள்.

என் நெருடல் வேறு இடத்தில். எரேமியா 31:31ஐ எடுங்கள். புது உடன்படிக்கையை யாரோடு பண்ணுவேன் என்கிறார் கர்த்தர்? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். அந்த வாக்குத்தத்தத்தைத்தான் எபிரெயர் 8 முழுசாக எடுத்துக் காட்டி, இயேசுவை அதன் மத்தியஸ்தர் என்கிறது. அவர் பாத்திரத்தை எடுத்து இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்றார், நாம் ஒவ்வொரு திருவிருந்திலும் அதிலிருந்துதான் குடிக்கிறோம். இஸ்ரவேலின் வாக்குத்தத்தங்கள் சபைக்கு உரியவையல்ல என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், திருவிருந்து மேசையில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இந்தச் சிக்கல் டிஸ்பென்சேஷனலிசத்தாருக்கும் தெரியும். லூயிஸ் ஸ்பெரி சேஃபர் போன்ற முந்தைய தலைமுறையினர், இஸ்ரவேலுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று இரண்டு புது உடன்படிக்கைகள் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களில் பலர் அதைக் கைவிட்டார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து கிரெய்க் பிளேசிங், டாரல் பாக் போன்றவர்கள், சபை இஸ்ரவேலின் உடன்படிக்கை ஆசீர்வாதங்களில் இப்போதே பங்குபெறுகிறது, ஆனாலும் இஸ்ரவேல் என்ற ஜனத்துக்கு எதிர்காலம் உண்டு என்கிற இடத்துக்கு வந்தார்கள். ஆக உங்கள் சபையின் அறிக்கை அந்த முகாமுக்குள்ளேயே கடுமையான பக்கத்தைச் சேர்ந்தது. இதைப் போதகரிடம் மரியாதையாகச் சொல்லலாம், அவருக்கும் தெரிந்திருக்கக்கூடும்.

அப்பா இரண்டு விஷயங்களைக் கலக்கிறார்

தேவனுடைய ஜனம் ஒன்றுதான் என்பது ஒரு விஷயம். யூதர் தள்ளப்பட்டார்கள் என்பது வேறொரு விஷயம். முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வராது.

முதலாவதற்கு வேத ஆதாரம் பலமாக இருக்கிறது. யாத்திராகமம் 19ல் சீனாய் மலையடியில் நின்ற இஸ்ரவேலரிடம் சொன்ன வார்த்தைகளை, ஆசாரிய ராஜ்யம், பரிசுத்த ஜாதி என்பதை, பேதுரு அப்படியே எடுத்துச் சபைக்குச் சொல்கிறார். கிறிஸ்துவுக்குரியவர்கள் ஆபிரகாமின் சந்ததி என்று கலாத்தியர் 3:29 சொல்கிறது. எபேசியர் 2ல் நடுச்சுவர் இடிக்கப்பட்டு இருவரும் ஒரே புதிய மனுஷனாகிறார்கள். இடித்த சுவரைத் திரும்பக் கட்டுகிற மாதிரி எந்தப் போதனை வந்தாலும் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே கேட்பேன்.

இரண்டாவதை, சகோதரி, பவுல் நேரடியாகவே மறுக்கிறார். தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று ரோமர் 11ன் முதல் வசனத்தில் கேட்டு, இல்லை என்கிறார், சாட்சியாகத் தன்னையே காட்டுகிறார், நானும் இஸ்ரவேலன்தானே என்று. அப்பா ஒருவேளை மத்தேயு 21:43ஐச் சொல்வார், ராஜ்யம் உங்களிடமிருந்து எடுக்கப்பட்டு வேறு ஜனத்துக்குக் கொடுக்கப்படும் என்கிற வசனம். அதை யாரைக் குறித்து இயேசு சொன்னார் என்று இரண்டு வசனம் தள்ளிப் படித்தால் தெரியும். தங்களைக் குறித்துத்தான் சொன்னார் என்று பிரதான ஆசாரியரும் பரிசேயரும் புரிந்துகொண்டார்கள். முழு ஜனத்தையும் ஒதுக்கிவிடுகிற வசனமல்ல அது.

இந்தத் தள்ளிவிட்டார் என்ற பேச்சு வெறும் கருத்தாக நிற்கவில்லை என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். 386, 387ல் அந்தியோகியாவில் சபைப் பிதா கிறிசோஸ்தோம் யூதருக்கு விரோதமாகப் பிரசங்கித்தவற்றை இன்று படிக்கவே கூசும். லூத்தர் 1523ல் இயேசு ஒரு யூதராகவே பிறந்தார் என்று கனிவாக எழுதினார், 1543ல் அதே லூத்தர் யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நூற்றாண்டுகளாக நடந்த கொடுமைகளுக்கு இப்படிப்பட்ட எழுத்துகள் சாக்காகப் பயன்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதரைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய லுத்தரன் திருச்சபை 1994ல் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாகவே நிராகரித்தது.

அப்பாவின் சொந்தப் பாரம்பரியமே அவர் சொல்வதைச் சொல்லவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அந்தப் பாரம்பரியத்தின் முன்னோடியான கால்வின், ரோமர் 11:26ல் வரும் இஸ்ரவேலரெல்லாரும் என்பதை யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழு தேவஜனம் என்று எடுத்தார், சரி. ஆனால் அடுத்த நூற்றாண்டில் அதே மரபில் வந்த பியூரிட்டன்கள் என்ற இங்கிலாந்துச் சீர்திருத்தக்காரரில் பலர் யூத ஜனம் பெருமளவில் கிறிஸ்துவிடம் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த மரபின் போதனை நூலான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, உம்முடைய ராஜ்யம் வருவதாக என்று ஜெபிக்கும்போது யூதர் அழைக்கப்படவும் ஜெபிக்கிறோம் என்று கற்பிக்கிறது. ஒரே ஜனம் என்று நம்பிக்கொண்டே யூதருக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

ஒரே மரம், இயல்பான கிளைகள்

எபேசியர் 2ஐப் படித்தால் ஒரே ஜனம் என்று தோன்றுகிறது, ரோமர் 11ஐப் படித்தால் யூதருக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தோன்றுகிறது, நான் குழம்பிப்போயிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

ரோமர் 11ல் பவுல் சொல்லும் ஒலிவமரத்தைப் பாருங்கள். மரம் ஒன்றுதான். பவுல் புறஜாதியாருக்கென்று பக்கத்தில் இன்னொரு மரம் நடவில்லை, பழைய மரத்தை வெட்டிப்போட்டுப் புதியது வைக்கவும் இல்லை. காட்டொலிவக் கிளைகள் உள்ளே ஒட்டவைக்கப்படுகின்றன, அவிசுவாசத்தினால் சில கிளைகள் முறிக்கப்பட்டிருக்கின்றன, அந்த முறிக்கப்பட்ட கிளைகளை அவர்களுடைய சொந்த மரத்திலேயே திரும்ப ஒட்டவைக்க தேவன் வல்லவர். நீ வேரைச் சுமக்கவில்லை, வேர் உன்னைச் சுமக்கிறது, பெருமைபாராட்டாதே என்கிறார் புறஜாதி விசுவாசியிடம். பிதாக்களினிமித்தம் அவர்கள் பிரியமானவர்கள், தேவனுடைய அழைப்பு மாறாதது என்று 28, 29ஆம் வசனங்களில் முடிக்கும்போது அவர் பேசுவது அன்றைக்கு சுவிசேஷத்தை ஏற்காத யூதரைப் பற்றி. இதை ஆவிக்குரிய இஸ்ரவேல் என்று சொல்லித் தாண்டிப் போக முடியாது.

என் தீர்ப்பு இதுதான்: ஜனம் ஒன்று, வேர் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம், உள்ளே வரும் வழி கிறிஸ்து ஒருவரே, யூத ஜனத்தின் கதை முடியவில்லை. யூதருக்குக் கிறிஸ்து இல்லாமலே தனி உடன்படிக்கை போதும் என்று சிலர் இன்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை, அப்படியிருந்தால் ரோமர் 9ன் தொடக்கத்தில் பவுல் அத்தனை துக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. எதிர்காலத் திரும்புதல் எப்படி, எந்த வரிசையில் நடக்கும் என்று அட்டவணை போடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. நல்ல வேத அறிஞர்கள் இதில் என்னோடு முரண்படுகிறார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இஸ்ரேல் நாட்டை ஆதரிக்காவிட்டால் சாபமா

உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன் என்ற ஆதியாகமம் 12:3 ஆபிராமிடம் சொன்னது. அந்த வசனத்தின் கடைசிப் பாதி, பூமியின் வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்பது. பவுல் கலாத்தியர் 3ல் அதைத்தான் பிடித்துக்கொண்டு, புறஜாதியார் விசுவாசத்தினால் நீதிமான்களாவதை முன்னறிவித்த சுவிசேஷம் என்கிறார். 1948 மே மாதம் உருவான ஓர் அரசின் கொள்கைகளை ஆதரிப்பதற்கான நிபந்தனையாக அதைப் படிக்க வசனத்தில் இடமில்லை. அந்த நாட்டின் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு மக்கள், அவர்களுக்குள் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் போதகர் சொல்லும் சமன்பாட்டில் அவர்கள் எங்கே வருவார்கள்?

தேசத்தைப் பற்றிய வாக்குத்தத்தம் இன்னும் நிற்கிறது என்று நம்புகிறவர்கள்கூட எசேக்கியேல் 47:22, 23ஐப் படிக்க வேண்டும். தேசத்தைப் பங்கிடும்போது அங்கே தங்கியிருக்கும் அந்நியருக்கும் சுதந்தரம் கொடுக்கச் சொல்கிறது. இஸ்ரவேலை யாரையும்விடக் கடுமையாகக் கண்டித்தவர்கள் ஆமோஸும் எரேமியாவும், அவர்கள் வீட்டில் ஆசீர்வாதம் தங்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? யூதரை வெறுப்பது பாவம். ஓர் அரசின் செயலைக் குறை சொல்வது அதுவல்ல. இரண்டையும் ஒன்றாக்குகிற பிரசங்கத்தைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

சரி, கையெழுத்து

மனம் ஒப்பாமல் போடாதீர்கள். கணவர் சமாதானத்துக்காகச் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் விசுவாச அறிக்கை என்பது நான் இதை விசுவாசிக்கிறேன் என்று தேவனுக்கு முன் சொல்வது. அவனவன் தன் மனதில் நிச்சயமுள்ளவனாயிருக்க வேண்டும் என்று ரோமர் 14 சொல்வது இப்படிப்பட்ட இரண்டாம்பட்ச விஷயங்களுக்காகத்தான்.

அதே நேரம் சபைக்கும் உரிமை உண்டு. தன் பிள்ளைகளுக்கு யார், எதைப் போதிக்கலாம் என்று தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு. இதைத் துன்புறுத்தல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பாடம் எடுக்கும் பொறுப்பு வேறு, சபையின் அங்கத்துவமும் திருவிருந்தும் வேறு. இந்த ஒரு பகுதிக்காக உங்களைத் திருவிருந்திலிருந்து விலக்கப் பார்த்தால், அப்போது விஷயம் வேறு மாதிரி, எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

போதகரைத் தனியாகப் பாருங்கள், முடிந்தால் கணவரோடு. முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: கையெழுத்துக்கு அர்த்தம் இதை விசுவாசிக்கிறேன் என்பதா, இதற்கு விரோதமாக வகுப்பில் போதிக்கமாட்டேன் என்பதா? இரண்டாவதுதான் என்றால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும், அந்த வாக்கை நீங்கள் உண்மையாகவே கொடுக்கலாம். அதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவதுதான் என்றால், இந்தப் பகுதியில் மட்டும் எனக்கு மாறுபட்ட புரிதல் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட அனுமதி கேளுங்கள். இது புரட்சி ஒன்றுமில்லை. 1729லேயே அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையார், தங்கள் விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் அத்தியாவசியமல்லாத பகுதிகளில் தங்களுக்குள்ள தயக்கத்தைப் போதகர்கள் வெளிப்படையாகச் சொல்லி ஊழியத்தில் இருக்க வழிசெய்தார்கள்.

அதுவும் முடியாது என்றால், பாடத்திட்டத்தில் ஒரு பகுதி முடிகிற இடம் பார்த்து வகுப்பை ஒப்படைத்துவிடுங்கள். பெற்றோர் கேட்டால் அறிக்கையின் ஒரு பகுதியில் எனக்கு உடன்பாடில்லை என்பதோடு நிறுத்துங்கள், வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் எழுதாதீர்கள், பிள்ளைகளிடம் போதகரைக் குறை சொல்லாதீர்கள். உடனே சபை மாறவும் அவசரப்பட வேண்டாம், குறிப்பாக அப்பா ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும்படி மாற வேண்டாம். அவரோடு உட்கார்ந்து ரோமர் 9 முதல் 11 வரை மூன்று அதிகாரங்களையும் நடுவில் நிறுத்தாமல் சத்தமாக வாசியுங்கள், 11:1 வரும்போது அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.